மூடிக் கிடந்த மாலை நேரங்கள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு வயதுப் பெண் ஒருத்தி உங்கள் தெருவில் மூச்சுவிட்டு வளரலாமா? நீ கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காற்றைப் பற்றிக் கல்லூரியில் இத்தனை வருடமாகப் பாடம் நடத்துகிறவள் இப்படிச் சொன்னால் உனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் நான் அளந்ததெல்லாம் என் ஊர்க் காற்றை. உன் ஊரில் யாரும் அளக்கவில்லை. அளக்காத காற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தெரியாது.

அதனால் இத்துடன் ஒரு கருவி அனுப்புகிறேன். சாப்பாட்டு டப்பா அளவுதான். மாடியின் முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிடு, அடுப்படிப் புகை படாத இடமாகப் பார். உள்ளே ஒரு அட்டை இருக்கிறது, நகத்தளவு. எல்லாம் அதில் தானாகப் பதிவாகும். மாதக் கடைசியில் அட்டையை எடுத்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பு. கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும். தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போகும். இந்தக் கருவி அதை எண்ணும்.

பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறாய். சிட்டுவை இங்கே அனுப்பிப் படிக்க வைப்பதென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பின்புற அறை சும்மாதான் கிடக்கிறது.

அவளுடைய இருமல் எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கேட்டால் "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அட்டையை அனுப்பும் சாக்கிலாவது ஒரு பக்கம் எழுது.

எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலை நினைத்துக்கொண்டே மாடிப்படி ஏறி, உன் கருவியைக் கட்டியாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரர் அன்றே வந்துவிட்டார். "கேமராவா சார்? யாரப் பாக்குது?" என்றார். காற்றைப் பார்க்கிறது என்றேன். "காத்த எதுக்கு சார் பாக்கணும், அதுதான் தினமும் கண்ணுல விழுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிட்டு அம்மாவுக்குத்தான் கருவி மேல் ஏகப்பட்ட மரியாதை. காலையும் மாலையும் துடைக்கிறாள். "படிச்சவங்க வீட்டுச் சாமான், நம்மகிட்ட வந்து கெட்டுப்போச்சுன்னு பேர் வரக்கூடாது" என்கிறாள்.

நீ எங்கள் ஆலையைச் சந்தேகப்படுவாய் என்று தெரியும். பழைய இரும்பை உருக்குகிற உலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புகையை அப்படியே வெளியே விடுவதில்லை. ஆள் உயரத்தைவிடப் பெரிய துணிப்பைகள் வரிசை வரிசையாகத் தொங்கும் கூடம் ஒன்று இருக்கிறது. புகை அதற்குள் போய், தூசியைப் பைகளில் விட்டுவிட்டு, வெறும் காற்றாகத்தான் புகைபோக்கிக்குப் போகும். அந்தக் கூடத்துக்கு மேற்பார்வையாளன் யார்? உன் தம்பி.

சிட்டு நலம். முன்போல ஆடுவதில்லை, ஓடுவதில்லை. நல்ல அடக்கமாகிவிட்டாள். இம்மாத அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேர்வுத் தாள்கள் குவிந்துவிட்டதால் தாமதம். அதற்குள் உன் இரண்டாவது அட்டையும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

காலை, மதியம், இரவு எல்லாமே மோசம். அது எனக்கு ஆச்சரியமில்லை. ஆச்சரியம் மாலை நேரம்தான். அநேகமாக எல்லா நாளும் மாலையில் ஒரு சில மணி நேரம் கருவி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று காட்டுகிறது. பிறகு சட்டென்று பழையபடி ஏறுகிறது. எந்த ஊர்க் காற்றும் அப்படி இருக்காது, மனிதர்களே இல்லாத மலை உச்சியில்கூட. கருவி கெட்டிருந்தால் நாள் முழுக்கக் கெட்டிருக்கும். ஆகவே யாரோ அதை மூடுகிறார்கள்.

நேராகவே கேட்கிறேன். மாலையில்தான் உங்கள் உலையில் அதிகம் இரும்பு போடுகிறீர்கள் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். ஆலைக்கும் உனக்கும் பெயர் கெடக்கூடாது என்று யாராவது நினைத்தார்களா? அப்படியென்றால் சொல்லிவிடு. தவறான எண்ணை வைத்துக்கொண்டு உன் மகளைப் பற்றி நான் முடிவு சொல்ல முடியாது.

இன்னொன்று. அடக்கமாகிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். எட்டு வயதில் யாரும் காரணமில்லாமல் அடக்கமாவதில்லை.

பின்புற அறைக்கு வெள்ளை அடித்தேன். எப்படியும் அடிக்க வேண்டியிருந்தது.

அக்கா


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

சிட்டு அம்மா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அவர் எழுதாததால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "நாந்தான் திருடனாம்" என்றார். அதற்குப் பிறகு உங்கள் பேச்சை எடுக்கவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் கடிதத்தைப் படித்தேன்.

அண்ணி, கருவியை மூடியது நான்.

ஆலையில் உலைக்கு இரும்பு போடுவதற்கு முன் சங்கு ஊதும். ஊதிய கொஞ்ச நேரத்தில் செம்மண் கரைத்த மாதிரி ஒரு புகை வரும். மாலையில்தான் ரொம்பவும் வரும். அவ்வளவு விலை உயர்ந்த சாமான் மேல் அது படிந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். பழைய தலையணை உறையை வெட்டி, கருவி அளவுக்குத் தைத்து, வாய்க்கு நாடா வைத்தேன். மாலைச் சங்குச் சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடி உறையை மாட்டிவிடுவேன். புகை அடங்கியதும் எடுத்துவிடுவேன். தூசியை அளக்கிற கருவி என்று அவர் சொன்னார்தான். ரேடியோ மாதிரி, மூடி வைத்தாலும் அதற்குத் தானாகத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். தூசி உள்ளே போனால்தான் எண்ணும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் அந்த நேரத்தில் ஆலையில் இருப்பார், அவருக்கு இது தெரியவே தெரியாது. இன்று காலை சொன்னேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு சிரித்தார். உங்கள் கடிதம் வந்த பிறகு இன்றுதான் சிரித்தார்.

அவர் எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சிட்டுவை இந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்து முகமூடி மாட்டி மூச்சு வழியாக மருந்து கொடுத்தோம். பள்ளியில் விளையாட்டு நேரத்தில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாளாம். அடக்கம் என்று அவர் சொல்வது அதைத்தான்.

அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் அவளுக்கு மூச்சு இழுக்கும்போது என் மனதை யார் கேட்டார்கள்? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறோம்.

இப்படிக்கு,
சிட்டு அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, உதவியாளர் எட்டிப் பார்த்தார். தூசி அளக்கிற கருவிக்குத் தூசி படாமல் உறை தைத்தவர் நீங்கள் ஒருவர்தான். தவறு உங்களுடையதல்ல. கருவி எப்படி வேலை செய்கிறது என்று நான் எழுதியது தம்பிக்கு. துடைத்துப் பாதுகாப்பவருக்கு எழுதவில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள்: நான் நினைத்தது தவறு, கேட்ட விதமும் தவறு. அவன் உம்மென்று இருந்தால் நான் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

இனி முக்கியமானது. அந்த உறையைத் துவைத்துவிட்டீர்களா? துவைக்கவில்லை என்றால் தயவுசெய்து துவைக்காதீர்கள். பாதியை வெட்டி, சுத்தமான காகிதத்தில் மடித்து எனக்கு அனுப்புங்கள். நீங்கள் உறை மாட்டிய நேரமெல்லாம் ஆலைப் புகை வந்த நேரம். கருவி குருடாக இருந்த அந்த நேரங்கள் வீணாகவில்லை, புகை எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று தேதிவாரியாக நமக்குச் சொல்கின்றன. அப்போது வந்தது என்ன என்பதைத் துணி சொல்லும். கருவியை இனிமேல் திறந்தே வையுங்கள். கெட்டால் கெடட்டும்.

தம்பிக்கு ஒரு கேள்வி. பைகள் எல்லாம் ஒழுங்காகத் தொங்கினால் செம்மண் நிறப் புகை எங்கிருந்து வருகிறது?

சிட்டுவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதற்குமேல் அதைப் பற்றி இன்று எழுத வரவில்லை. மருந்துச் சீட்டின் நகல் ஒன்று அனுப்புங்கள். இங்கே தெரிந்த மருத்துவரிடம் காட்டுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவள் வாசித்துக் காட்டினாள், இரண்டு தடவை, இரண்டாம் தடவை ராகம் போட்டு. அதனால் கோபத்தை விட்டுவிட்டேன். உறையை வெட்ட அவளுக்கு மனமே வரவில்லை, "எவ்வளவு நேரான தையல் பாருங்க" என்று புலம்பிக்கொண்டே வெட்டினாள். சிட்டுவின் மருந்துச் சீட்டும் உள்ளே இருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில். உலையில் பழைய இரும்பைக் கொட்டும்போது அதிலுள்ள எண்ணெயும் பெயிண்டும் பற்றிக்கொள்ளும். தீப்பொறியோடு கொதிக்கக் கொதிக்கப் புகை கிளம்பும். அது பைக்கூடத்துக்குள் போனால் பைகள் எரிந்துவிடும். அதற்காகக் குழாயின் நடுவில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதியதும் அந்தக் கதவைத் திறப்போம், புகை பைகளைத் தொடாமல் நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். சூடு தணிந்ததும் மூடுவோம். பகலெல்லாம் பிடித்த தூசியைவிட அந்தச் சமயத்தில் விடுவது அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. பைகளைக் காப்பாற்றுவதுதான் என் வேலை, அக்கா. அவள் உன் கருவியைக் காப்பாற்றியது மாதிரி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குழாயை நீட்டி, பொறி விழுந்து அடங்க ஒரு அறை கட்டி, வெளிக்காற்றைக் கலந்து சூட்டைத் தணித்தால் கதவைத் திறக்கவே வேண்டாம். எண்ணெய் பிசுக்குள்ள இரும்பைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வரைந்துகூட வைத்திருக்கிறேன். ஆனால் உலையைச் சில நாள் நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்லி மேலாளரிடம் போய் நிற்க இதுவரை தைரியம் வரவில்லை.

அத்தை வீட்டில் மாடி இருக்கிறதா என்று சிட்டு கேட்டாள்.

தம்பி


மே 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் அதிகம், முழங்கால் பரவாயில்லை. சிட்டுவின் மருந்துகள் சரிதான் என்று மருத்துவர் சொன்னார். மருந்தைவிடக் காற்று மாறுவது நல்லது என்றும் சொன்னார்.

உறையை ஆய்வுக்கூடத்தில் பார்த்தோம். இரும்பு இருக்கிறது, அது தெருப் புழுதியிலும் இருக்கும். ஆனால் துத்தநாகம் ஏராளமாக இருக்கிறது. தெருப் புழுதியிலோ வண்டிப் புகையிலோ இவ்வளவு வராது. துத்தநாகம் பூசிய பழைய தகடுகளை உருக்கும்போது வரும். ஒரு தலையணை உறையை வைத்து ஓர் ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன், உனக்கும் சொல்கிறேன். ஆனால் உறை எடுத்த பிறகு நீ அனுப்பிய அட்டையும் இதையேதான் காட்டுகிறது. மாலையில் உங்கள் மாடிக் காற்று பகலைப்போல ஐந்து, ஆறு மடங்கு கெட்டுப் போகிறது.

முடிவுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலாளரிடம் காட்டுவதா என்பது உன் விருப்பம். உன் வேலைக்கு ஆபத்து என்றால் காட்டாதே, சிட்டுவை இங்கே அனுப்பிவிடு. ஜன்னல் ஓரமாக ஒரு மேசை போட்டாயிற்று. அறை நன்றாக இருக்கிறது, காலையில் வெளிச்சம் வருகிறது.

இதை எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். அந்த எண்கள் மோசமாக வந்தபோது எனக்கு வருத்தம் மட்டும் வரவில்லை, அறைக்கு ஆள் வரும் என்ற நினைப்பும் வந்தது. ஆகவே இந்த விஷயத்தில் என் யோசனையைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே எடுத்துக்கொள்.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் யோசனையைக் கழிக்கவுமில்லை, கூட்டவுமில்லை. மேலாளரைப் பார்த்தேன்.

தாளை நீட்டினேன். "உங்கக்கா படிச்சவங்க, அப்படித்தான் எழுதுவாங்க" என்று ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம் உறையின் மீதிப் பாதியை மேசை மேல் விரித்தேன். வெளிப்பக்கம் கருஞ்சிவப்பு, உள்பக்கம் வெள்ளை. என்ன இது என்றார்.

"தலையணை உறை சார். எங்க மாடியில சாயங்காலம் மட்டும் மாட்டினது."

விரலால் தேய்த்துப் பார்த்தார். "உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

"நாலஞ்சு தெரு சார்."

"சாயங்காலம் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"

"உங்க பக்கந்தான் சார்."

உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என் வரைபடத்தைக் கேட்டார். சூடு தணிந்தால் பைகளும் நீண்ட நாள் உழைக்கும் என்பதை நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். அவர் பேரனுக்கும் முகமூடி மருந்து உண்டு என்று வெளியே வரும்போது காவலாளி சொல்லித்தான் தெரிந்தது.

உலையை நிறுத்தி, குழாயை நீட்டி, பொறி அறையும் கட்டிவிட்டோம். வெளிக்காற்றை இழுக்கும் காற்றாடி மட்டும் வந்து சேரவில்லை, அதுவரை பழையபடி கதவைத் திறந்துதான் உலை ஓடுகிறது. அதற்குள் இன்னொரு ஊரிலுள்ள இவர்களுடைய உலையிலும் இதையே கட்ட என்னை அனுப்புகிறார்கள். நாளை கிளம்புகிறேன். இங்கே காற்றாடியைப் பொருத்தி, முதல் முறையாகக் கதவைத் திறக்காமல் இரும்பு போடும்போது நான் இருக்கமாட்டேன். என் கீழ் வேலை செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் அன்றைக்கு மாடியில் நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும். எதையும் லேசில் நம்பாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. வருவாயா? உன் பெரிய கருவியையும் எடுத்துக்கொண்டு வா. பள்ளியில் ஜூன் பாதிக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும்.

தம்பி


ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டில், உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று சிட்டு அம்மா கேட்கச் சொன்னாள்.

நான் வந்து நான்கைந்து நாள் ஆகிறது. பெரிய கருவியை உன் சின்னக் கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சின்னது பொய் சொல்லவில்லை. தையல்காரர் வந்து, "இது அதோட அம்மாவா?" என்று கேட்டார். காற்றாடி வந்துவிட்டது. நாளை மாலை கதவைத் திறக்காமல் போடப் போகிறார்கள் என்று உன் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

சிட்டு மாடிப்படியின் நடுவில் நின்று சுவரைப் பார்க்கிறாள். என்ன பார்க்கிறாய் என்றால், "சும்மா அத்தை" என்கிறாள். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக்கூடாதாம். பின்புற அறையைப் பற்றிச் சொன்னேன். மேசை, ஜன்னல், எல்லாம். "அங்க ஜன்னலத் திறந்து வைக்கலாமா?" என்று கேட்டாள். எப்போதும் திறக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் ஊர்க் காற்று உன் ஊரைவிட மேல், அவ்வளவுதான். சில நாள் மூடித்தான் வைக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப அங்கயும் யாராவது சரி பண்ணணும்" என்றாள்.

சிட்டு இங்கேயே இருந்துவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்குமா என்று உன் மனைவி கேட்டாள். முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

நாளை என்ன ஆகும் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. பைகள் எரியலாம், புகை வேறு பக்கமாகக் கிளம்பலாம், எல்லாம் ஒழுங்காகவும் நடக்கலாம். இதை ஒட்டாமல் வைக்கிறேன். நடந்ததை நாளை சேர்த்து எழுதுகிறேன்.

ஜூன் 11

நடந்தது இது.

சங்கு ஊதியபோது நான் கருவிக்குப் பக்கத்தில் இருந்தேன். சிட்டு அம்மா வழக்கம்போல ஓடிவந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு நானும் அவளும் புகைபோக்கியைப் பார்த்தபடி நின்றோம். உலைக்கூடத்தின் கூரை இடுக்கு வழியாகக் கொஞ்சம் செம்புகை கசிந்தது. புகைபோக்கியில் வெளிறிய ஏதோ ஒன்று வந்தது, அதன் வழியே பின்னாலிருந்த வானம் தெரிந்தது. எண் ஏறியது. வழக்கமான மாலைக்கு மூன்றில் ஒரு பங்கு வரை ஏறி, நின்று, இறங்கியது. எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலுக்கு வந்து, "இன்னைக்கு உலை லீவா?" என்று கேட்டார்.

சிட்டு அம்மா தோளிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். வெள்ளைத் துணிகளை மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "நாளைக்கும் இப்படியே இருக்கட்டும் அண்ணி. அப்புறம் வெள்ளையப் போடறேன்."

உன் ஆட்கள் பிறகு வந்து, பைகள் ஒன்றும் எரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூரைக் கசிவை நீ வந்துதான் அடைக்க வேண்டுமாம். சிட்டு இன்றும் இருமினாள், படியில் நின்றுதான் ஏறினாள். ஒரு மாலையில் நுரையீரல் மாறாது.

சாப்பிடும்போது சிட்டு அம்மா, நாளைக் காலை இந்தப் பள்ளியிலேயே பெயர் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். ஒரு நாள் அளவை வைத்து அப்படி முடிவு செய்யக் கூடாது என்றேன். தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும், மழைக்காலத்தில் ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு முறை என்றெல்லாம் விளக்கினேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு, "அப்ப எத்தனை நாள் அளக்கணுமோ அத்தனை நாள் இங்கயே இருங்க. யாரு போகச் சொன்னா?" என்றாள்.

விடுப்பை நீட்டிக்கச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தையும் இதையும் சிட்டுவும் நானும் சேர்ந்து போய்த் தபாலில் போடுகிறோம்.

அக்கா